குதிகாலால் திறந்த மடை

கோவளத்துக்குப் பக்கத்தில், உப்பங்கழி கடலைத் தொடும் இடத்தில் கிடந்த அந்த மணல் தீவை மீனவர்கள் உடுக்கைத் திட்டு என்று சொன்னார்கள். உடுக்கையைப் படுக்க வைத்தது போன்ற வடிவம். வடக்கே பெரிய மேடு, அதில் கொஞ்சம் தாழம்புதர். தெற்கே சின்ன மேடு, அதில் மணலையும் கிளிஞ்சலையும் தவிர ஒன்றும் இல்லை. இரண்டையும் சேர்க்கும் இடுப்பு மட்டும் ஒல்லியாக, தாழ்வாக இருந்தது. அதன் மேல் தெற்கே பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் கடல், வலது கைப்பக்கம் கழி.

எண்பத்தெட்டாம் வருஷத்துக் காணும் பொங்கலன்று செம்பாக்கத்திலிருந்து இரண்டு குடும்பங்கள் அங்கே போயின. துளசிங்கத்தின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நெல் போட்டது. வயல்கள் மனைகளாகி விற்றுப்போன பிறகு, அவர் வேளச்சேரி சாலையில் செங்கல், ஜல்லி, மணல் வியாபாரம் பார்த்தார். அந்த மனைகளில் ஒன்றை வாங்கி, துளசிங்கத்திடமே மணல் வாங்கி வீடு கட்டியவர் யக்ஞநாராயணன். தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பாரிமுனை ஆபீசுக்குப் போய்வருகிறவர். மதில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்த பழக்கம், கூடிக் கூடி, ஒரு வாடகை வேனில் கோவளம் வரை வந்துவிட்டது.

கரையிலிருந்து திட்டுக்குப் படகில்தான் போக வேண்டும். ஜெபராஜ் என்ற படகுக்காரர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். யக்ஞநாராயணனின் மனைவி பட்டு, படகின் இரு விளிம்பையும் இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"மாமி, இப்பிடி அமுக்கிப் புடிச்சா படகுக்கே வலிக்கும்" என்றாள் துளசிங்கத்தின் மனைவி அஞ்சம்மாள்.

"சிரிக்காதேங்கோ அஞ்சம்மா. எனக்கு நீச்சல் தெரியாது. எங்காத்துல வாளித் தண்ணியத் தாண்டி நான் எறங்கினதே இல்ல."

"நான் கத்துத் தரேன் மாமி" என்றாள் கனகவல்லி. துளசிங்கத்தின் ஒரே மகள், ஒன்பது வயது. "ரொம்ப ஈசி. நைனா என்ன கெணத்துல தள்ளி வுட்டாரு. நானே மேல வந்துட்டேன்."

"கேட்டியோல்லியோ பட்டு? இந்த மனுஷன் பக்கத்துல நிக்காதே" என்றார் யக்ஞநாராயணன். துளசிங்கம் வாய்விட்டுச் சிரித்தார்.

ஜெபராஜ் அவர்களை வடக்கு மேட்டில் இறக்கிவிட்டார். "இன்னிக்கு சனம் ஜாஸ்தி சார். வெயில் தாழ வந்து இட்டுனு போறேன். அலையில மட்டும் எறங்காதீங்க, இழுப்பு கீது" என்று சொல்லிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விட்டார். தண்ணீரில் இறங்கக் கூடாது என்று எச்சரித்தவருக்கு, தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது என்று எச்சரிக்கத் தோன்றவில்லை. அப்படி ஒருவர் செய்வார் என்று கடலோரத்தில் யார் நினைப்பார்கள்?

புளியோதரையும் தயிர் சாதமும் பட்டு கொண்டுவந்திருந்தாள். அஞ்சம்மாள் எலுமிச்சை சாதம் கிளறி, வஞ்சிர வறுவலைத் தனி டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைத் துண்டில் சுற்றி, பைக்கு அடியில் வைத்திருந்தாள். வாசனை மட்டும் சுற்றப்படாமல் வந்தது. "ஏதோ மீன் பிடிக்கிற எடம், அப்டித்தான் இருக்கும்" என்று யக்ஞநாராயணன் கண்ணைச் சிமிட்டினார்.

சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் நடந்து இடுப்புக்கு வந்தார்கள். கனகவல்லி ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள்.

"நைனா, அந்தத் தண்ணி மேல கீது, இந்தத் தண்ணி கீழ கீது."

உண்மைதான். கழி, மணல் மேட்டுக்கு ஒரு சாண் கீழே அசையாமல் நின்றது. கடல் முழங்கால் ஆழத்துக்கும் அதிகமாகத் தாழ்ந்து கிடந்தது.

"கழித் தண்ணிய கடலுக்கு வுட முடியுமா?"

"இது இன்னா பெரிய வேல?" என்றார் துளசிங்கம்.

அவருக்கு மண்வெட்டி தேவைப்படவில்லை. குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி ஓர் இழுப்பு, அரை அடி நகர்ந்து இன்னோர் இழுப்பு. வயலில் அவசரத்துக்கு மடை திறக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நடுவில் கொஞ்சம் மேடாக இருந்த இடத்தில் மட்டும், கனகவல்லி ஓடிப்போய்க் கொண்டுவந்த சாப்பாட்டுத் தட்டால் வாரிப்போட்டார். கடைசி இழுப்பில் கழியின் விளிம்பு உடைந்து, ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. பாதி வழியில் மணல் அதைக் குடித்தது. பின்னாலேயே வந்த தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கடலில் சேர்த்தது.

"பகீரதன் கெட்டான் போங்கோ!" என்று யக்ஞநாராயணன் கைதட்டினார்.

கனகவல்லி அந்த ஓடையை இப்படியும் அப்படியும் தாண்டிக் குதித்தாள். பிறகு, தெற்கு மேட்டில் சங்கு கிடக்கும் என்று பட்டுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பட்டு புடவையை ஒரு விரற்கடை தூக்கி, ஓடையைச் சாதாரணமாக ஒரு எட்டில் கடந்தாள். மற்ற மூவரும் பந்தி விரிக்க வடக்கே திரும்பினார்கள்.

வயலில் மடை திறப்பதும் அடைப்பதும் ஒரே அளவு வேலைதான். காலால் திறந்ததை ஒரு கை மண்ணால் அடைத்துவிடலாம். அது தண்ணீரின் நல்ல குணம் அல்ல, களிமண்ணின் நல்ல குணம். களிமண் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே தண்ணீர் ஓடினால் வழவழவென்று ஆகுமே தவிரப் பெயராது. மணலில் ஒவ்வொரு மணியும் தனி ஆள். ஓடுகிற நீர் ஒரு மணியைத் தூக்கிக்கொண்டு போனால் அடுத்த மணிக்குப் பிடிமானம் போய்விடும். அதனால் வாய்க்கால் சற்று ஆழமாகும். ஆழமானால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வரும். அப்படி வருகிற தண்ணீர் இன்னும் நிறைய மணிகளைத் தூக்கும். தொடங்கிவிட்டால் அதுவே தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு போகும். துளசிங்கம் லாரி லாரியாக மணல் விற்றவர். மணலை அவருக்குச் சுமையாகத் தெரியும், கரையாகத் தெரியாது.

இன்னொன்றும் அவருக்குத் தெரியாது. மார்கழி மழையில் நிரம்பிய அந்தக் கழிக்குக் கடலோடு இருந்த வழி, திட்டின் இரு கோடிகளுக்கும் அப்பால், மணல் சேர்ந்து குறுகிப்போன இரண்டு கழுத்துகள்தான். கடல் ஒரு நாளில் இருமுறை ஏறும், இருமுறை இறங்கும். அமாவாசை நெருங்கினால் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். அந்தக் குறுகிய கழுத்துகள் வழியாகக் கழியால் கடலின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. கடல் இறங்கும்போது கழி மட்டும் நிறைந்தபடியே நிற்கும். காலையில் அவர்கள் வந்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். அப்போது மடை திறந்திருந்தால் ஒரு சொட்டும் நகர்ந்திருக்காது. அமாவாசைக்கு முந்தைய அந்த நாளில், கடல் இறங்கிக்கொண்டே இருந்த நேரமாகப் பார்த்து அவர் குதிகாலை ஊன்றினார்.

முதலில் கேட்டது அஞ்சம்மாள்தான். தட்டு எடுத்து வைத்தவள் நிமிர்ந்தாள்.

"இன்னா சத்தம் அது? லாரி வருதா?"

திட்டில் ஏது லாரி? துளசிங்கம் எழுந்து பார்த்தார். பார்த்த இடத்திலேயே கையிலிருந்த சோற்றைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஓடை இருந்த இடத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்காகப் போகிற அகலத்துக்கு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் தண்ணீர் முதுகு வளைத்து, முறுக்கிக்கொண்டு, கடலில் விழும் இடத்தில் வெள்ளையாகக் கொதித்தது. இரு பக்கமும் மணல் கரை பாளம் பாளமாகச் சரிந்தது. ஒரு பாளம் விழும்போது பொத்தென்று சத்தம் வரும். அடுத்த நொடி அது அங்கே இருக்காது.

தெற்கு மேட்டின் கோடியில் பட்டுவும் கனகவல்லியும் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கனகா!" என்று கத்தினார். அலையிரைச்சலும் இந்த இரைச்சலும் சேர்ந்து குரலைத் தின்றுவிட்டன. அவர் கத்தக் கத்த, யக்ஞநாராயணன் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் நின்றார்.

"என்னய்யா இது? அடைச்சுடுங்கோ! சீக்கிரம் அடைச்சுடுங்கோ!"

"அடைக்கிறேன் சார். ஒண்ணும் ஆவாது."

இரண்டு பேரும் மண்டியிட்டுக் கைகளால் மணலை வாரித் தள்ளினார்கள். அஞ்சம்மாள் பாயைக் கொண்டுவந்து கொடுத்தாள். துளசிங்கம் பாயைச் சுருட்டி, மணலை வைத்து அமுக்கிக் கரையோரம் போட்டார். தண்ணீர் இந்தப் பக்கம் கொஞ்சம் குறுகியது. அவர் நம்பிக்கையோடு இன்னும் தள்ளினார்.

குறுகிய வழியில் அதே தண்ணீர் போக வேண்டுமென்றால் அது வேகமாகத்தான் போகும். வேகமாகப் போனால் அடியைத் தோண்டும், எதிர்க்கரையைத் தின்னும். அவர் வடக்கே ஒரு கூடை மணலைப் போட்டால், தெற்கே மூன்று கூடை மணல் விழுந்தது. தெற்கே விழுவது தன் மகள் நிற்கிற மேடு என்பது சற்று நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. கைகளை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டேள்?"

"போடக் கூடாது சார். போட்டா அந்தாண்ட அறுக்குது." பாய் சுருண்டு, மடையில் ஒரு தரம் குதித்து, கடலுக்குள் போயே போய்விட்டது.

அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். பட்டு கிளிஞ்சல் முடிந்த முந்தானையோடு ஓடிவந்து, தண்ணீரைக் கண்டதும் இரு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கனகவல்லி நேராகக் கரை விளிம்புக்கே வந்தாள்.

"நைனா! பெருசா ஆயிட்ச்சி!" அவள் குரலில் இன்னும் வேடிக்கைதான் இருந்தது.

"ஓரத்துல நிக்காத! பின்னால போ!"

"இன்னா?"

அவள் கால் வைத்திருந்த பாளத்துக்குக் கீழே மணல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மேலே பார்த்தால் தெரியாது. தண்ணீர் அடியைத்தான் முதலில் அரிக்கும், கூரை கடைசியில் விழும். பட்டு என்ன நினைத்தாளோ, குழந்தையின் பின்னலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இருவரும் பின்னால் விழுந்தார்கள். கனகவல்லி நின்ற இடம் பொத்தென்று போயிற்று.

இப்போது அவள் அழுதாள். சத்தம் கேட்கவில்லை, வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

துளசிங்கம் சட்டையைக் கழற்றினார்.

"யோவ், இன்னா பண்ற?" என்று அஞ்சம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

"ஏரியில நீஞ்சாத நீச்சலா? வுடு."

ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் நாட்களிலும் அவர் அதில் நீந்தியவர். மேற்கே கொஞ்சம் ஏறிப்போய், தண்ணீர் தள்ளும் தூரத்தையும் கணக்குப் பண்ணித்தான் குதித்தார். கணக்கு இரண்டாவது கைவீச்சிலேயே பொய்யாயிற்று. தண்ணீர் அவரை இழுக்கவில்லை, வீசியது. முட்டி அடிமணலில் உரசியது, தலை கீழே போயிற்று, கண்ணைத் திறந்தபோது கடல் இருந்தது. ஓர் அலை முகத்தில் அறைந்தது. அடுத்தது தூக்கிக் கரையில் எறிந்தது. வடக்கே வெகு தூரம் தள்ளி, முழங்கையில் தோல் உரிந்து, உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடந்தார். அஞ்சம்மாள் ஓடிவந்து அவர் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"நீ செத்தா அவள யாரு இட்டாறது?" என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

கழியில் தூரத்தில் ஒரு படகு போவது தெரிந்தது. யக்ஞநாராயணன் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றிக் கத்தினார். துளசிங்கமும் சட்டையைச் சுழற்றினார். படகு நிறைய ஆட்கள். அவர்கள் பார்த்துவிட்டார்கள். பார்த்து, எழுந்து நின்று, அவர்களும் துண்டையும் தொப்பியையும் சுழற்றினார்கள். ஒருவன் நீளமாக விசிலடித்தான். காணும் பொங்கலன்று எந்தப் படகிலிருந்து யார் கையை ஆட்டினாலும் பதிலுக்கு ஆட்டுவதுதான் வழக்கம். படகு சந்தோஷமாகத் திரும்பிப் போய்விட்டது.

யக்ஞநாராயணன் துண்டைக் கீழே போட்டார். "அவளுக்கு நீச்சல் தெரியாது" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

துளசிங்கத்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. எதிர்க்கரையைப் பார்த்து, கையால் 'உட்கார்' என்று காட்டினார், 'நடுவில், நடுவில்' என்று காட்டினார். பட்டு புரிந்துகொண்டாள். மேட்டின் நடுவில் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு அமர்ந்தாள். ஆனால் நடு என்பது நகர்ந்துகொண்டே இருந்தது. வடக்கிலிருந்து மடை தின்றது, இருவரும் கொஞ்சம் தெற்கே நகர்ந்தார்கள். மறுபடி தின்றது, மறுபடி நகர்ந்தார்கள்.

செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது துளசிங்கத்துக்குத் தெரியாத வேலை. ஏரி உடைந்தால் ஊரே மண்வெட்டியோடு ஓடும். ஓடினால் ஏதாவது ஆகும். இங்கே தொட்டால் மோசமாகிறது. ஏரி ஒரு பக்கமாகத்தான் போகும். உடைந்தால் காலியாகும் வரை போகும். இந்தக் கழி காலியாக எத்தனை நாளாகும்? அந்த மேடு இன்னும் ஒரு மணி நேரம் தாங்குமா?

அப்போதுதான் கடல் பக்கத்து மணலில் ஒரு கோடு அவர் கண்ணில் பட்டது. கடற்பாசியும் சருகும் ஒதுங்கிய கோடு. இப்போது அலை வந்து தொடும் இடத்துக்கு மிக மேலே, இடுப்பின் உச்சிக்குக் கொஞ்சம்தான் கீழே. கடல் அதுவரை வந்திருக்கிறது. பாசி இன்னும் ஈரமாக இருந்ததால், வந்தது இன்று காலையில்தான். வந்தது இறங்கியிருக்கிறது என்றால் திரும்பவும் வரும்.

ஒரு குச்சியை எடுத்து அலை நுனியில் குத்தினார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் குச்சி தண்ணீருக்குள் நின்றது.

"சார்! சார், இங்க வாங்க! கடலு ஏறுது!"

"ஐயோ, அது வேறயா!"

"ஏறட்டும் சார், ஏறட்டும்! ரெண்டு தண்ணியும் சமமா வந்தா இது ஓடாது. எங்க ஓடும்? நின்னுடும்!"

யக்ஞநாராயணன் அவரையே பார்த்தார். பிறகு குச்சியைப் பார்த்தார். "எவ்ளோ நேரம் நிக்கும்?"

"தெரியல. கொஞ்ச நேரம். அப்பால இந்தாண்ட தள்ளும்."

"அதுக்குள்ள ரெண்டு பேரையும்..." யக்ஞநாராயணன் மேட்டைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு மூவரும் பார்த்தது இரண்டே இரண்டு. இந்தப் பக்கம் குச்சி மூழ்குவது, அந்தப் பக்கம் மேடு சிறுப்பது. துளசிங்கம் குச்சியைப் பிடுங்கி மேலே மேலே குத்திக்கொண்டே வந்தார். மேடு ஒரு வீட்டு மனை அளவுக்கு வந்தது. பிறகு ஒரு கூடத்தின் அளவு. அஞ்சம்மாள் கங்கையம்மனை வாய்விட்டுக் கூப்பிட்டாள், நடுநடுவே கணவனையும் திட்டினாள்.

இரைச்சல் மெல்ல இறங்கியது. மடையின் முதுகு வளைவு தட்டையாயிற்று. நுரை கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதுபோல ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தது.

குடிதண்ணீர் கொண்டுவந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரை மணலில் கொட்டினார் துளசிங்கம். காலிக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே காற்று அடைபட்டுக்கொள்ளும். ஓர் ஆளின் பாரத்தை அது தாங்கும், ஆள் பதறாமல் இருந்தால்.

அஞ்சம்மாள் அவர் கையைப் பற்றினாள். "புள்ளய மொதல்ல இட்டா."

அவர் கையை விடுவித்துக்கொண்டு இறங்கினார்.

இம்முறை தண்ணீர் ஏரித் தண்ணீர் போலக் கிடந்தது. அக்கரை சேர்ந்தபோது மணல் கையோடு பெயர்ந்து வந்தது. கனகவல்லி எழுந்து கைகளை நீட்டினாள். "நைனா, வா!"

அவர் பட்டுவைப் பார்த்தார். அவள் உதடு நீலம் பூத்திருந்தது. இவளைத் தனியாக விட்டால் பயத்தில் ஓரத்துக்கு வந்துவிடுவாள். குழந்தை சொன்ன இடத்தில் உட்காருவாள், நீச்சலும் தெரியும். இது அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அக்கரையில் நிற்கிற யக்ஞநாராயணனின் முகத்துக்கு அதில் எவ்வளவு பங்கு இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

"மாமி, வாங்க. கொடத்த கட்டிப் புடிச்சிக்கோங்க."

"கொழந்தைய முதல்ல கொண்டு விடுங்கோ..."

"பேச நேரமில்ல மாமி! கால ஒதைக்காதீங்க, என்னயும் புடிக்காதீங்க, கொடத்த மட்டும்."

"நானும் நீஞ்சி வரேன் நைனா" என்றாள் கனகவல்லி.

"வேணாம்! ரெண்டு பேர பாத்துக்க என்னால ஆவாது. நடுவுல குந்து. எறங்காத. நான் வந்து இட்டுனு போறேன்."

பட்டுவைக் குடத்தின் மேல் கிடத்தி, குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் நீந்தினார். பாதி தூரம் நன்றாகப் போயிற்று. அப்போது கடல் பக்கத்திலிருந்து ஒரு சின்ன அலை மடைக்குள் நுழைந்தது. பட்டு தண்ணீரைக் குடித்து, குடத்தை விட்டு, அவர் கழுத்தைக் கட்டினாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கீழே அவர் அவளது விரல்களைப் பிரித்தார். மேலே வந்ததும் குடத்தை அவள் மோவாய்க்குக் கீழே திணித்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த யக்ஞநாராயணன் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

துளசிங்கம் மூச்சு வாங்கவும் நிற்கவில்லை. திரும்பிக் குதித்தார்.

ஆனால் தண்ணீர் திரும்பிவிட்டிருந்தது. கடல் ஏறுவது கழிக்காகக் காத்திருக்கவில்லை. மடை இப்போது மேற்கே ஓடியது, கணத்துக்குக் கணம் வேகமாக. எத்தனை கை வீசினாலும் அக்கரை தென்கிழக்கில் விலகிப் போனது. அவர் கழிக்குள் தள்ளப்பட்டார். கால் தரையில் பட்டது. எழுந்து நின்றார். மார்பளவுதான். இடுக்கில் ஆவேசமாக வந்த தண்ணீர், கழியின் அகலம் கிடைத்ததும் விசிறிபோல விரிந்து, வேகமெல்லாம் போய், அவரைத் தாண்டி மெல்ல நடந்தது.

மேட்டில் கனகவல்லி தனியாக நின்றாள். அது இப்போது மேடு இல்லை. ஒரு பாய் அளவு மணல். கடலலை அதன் மேலேயே ஏறி இறங்கியது.

மறுபடி போக முயன்றார். நான்கு அடி முன்னேறினால் ஐந்து அடி பின்னே வந்தது. கடலிலிருந்து வந்த நுரையும் சருகும் ஒவ்வொன்றாக அவர் மார்பில் வந்து மோதின. ஒரு தென்னை மட்டை வந்து மோதியபோதுதான் அவர் அசையாமல் நின்றார். முன்பு இந்த மடையில் விழுந்தது எல்லாம் கடலுக்குப் போயிற்று. இப்போது விழுவது எல்லாம் இங்கே வருகிறது. இங்கே ஆழமில்லை, அலையில்லை, தான் இருக்கிறோம்.

"கனகா! குதி! தண்ணியில குதி!"

அவள் தலையை ஆட்டினாள். "நீதான எறங்காதன்ன!"

"இப்ப எறங்கு! மல்லாந்து படு, நீஞ்சாத! அது உன்ன என்கிட்ட கொண்டாந்துடும்!"

"யோவ், பைத்தியமாய்யா ஒனக்கு?" என்று வடக்கிலிருந்து அஞ்சம்மாள் அலறினாள். "குதிக்காதடி!"

குழந்தை அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, காலிலிருந்த ரப்பர் செருப்பு ஒன்றைக் கழற்றி மடையில் போட்டாள்.

செருப்பு ஒரு சுழி சுழன்று, உள்ளே போய், வெளியே வந்து, மடையின் நடுவில் குதித்துக் குதித்து ஓடி, விரிந்த தண்ணீரில் வேகம் குறைந்து, துளசிங்கத்தின் கையருகே வந்தது. அவர் அதை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். எப்போதும் அவர் சொன்னால் நம்புகிற குழந்தை. இன்று செருப்பைக் கேட்டுவிட்டுத்தான் நம்பினாள்.

கனகவல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். பாவாடை ஒரு தரம் மேலே தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. துளசிங்கம் எண்ணக்கூட முடியாமல் நின்றார். அவர் எதிர்பார்த்த இடத்துக்கு ஓர் ஆள் நீளம் தள்ளி, மல்லாந்த முகம் வெளியே வந்தது, கண் இறுக மூடி, வாய் இறுக மூடி. எட்டிப் பாய்ந்து பின்னலைப் பிடித்து, இழுத்து, தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டார். குழந்தை இருமினாள். தண்ணீரைத் துப்பினாள். மூச்சு வந்தது.

"வந்துட்டா! வந்துட்டா!" என்று வடக்குக் கரையில் யக்ஞநாராயணன் குரல் உடைந்து கத்துவது கேட்டது.

துளசிங்கம் அவளைத் தூக்கிக்கொண்டு கழியோரமாக வடக்கு மேட்டை நோக்கி நடந்தார். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழக்கமாக அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் கைகள் இப்போது மடிந்து அவளுடைய மார்பிலேயே இருந்தன.

"மாமியத்தான் மொதல்ல இட்டுனு போன" என்றாள்.

"உனக்கு நீச்சல் தெரியுமேன்னு..."

"தெரியும்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் எப்படி நின்றது, ஏன் திரும்பியது, எல்லாவற்றையும் அவரால் இப்போது விளக்க முடியும். அவள் கேட்டால் போதும்.

கொஞ்ச தூரம் போனதும், "எறக்கி வுடு" என்றாள்.

"ஆழம் கீதும்மா."

"எறக்கி வுடு நைனா."

இறக்கிவிட்டார். தண்ணீர் அவள் மோவாயைத் தொட்டது. தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, அம்மா ஓடிவரும் பக்கம் பார்த்து அவள் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளித் தன் கையை நீட்டியபடி, தொடாமல், துளசிங்கம் கூடவே நடந்தார்.